பார்த்து வரப் போனவர்கள்

ஒரு தொழிலை வேற்று நாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று நேரில் பார்த்து வந்து, அதை இங்கே செய்து பார்ப்பது சென்னைக் கரைக்குப் புதிதல்ல. உழவர்க்கும் மீனவர்க்கும் பயன்பட வேண்டும் என்று மேற்கொள்ளப்பட்ட இத்தகைய பயணங்களுக்கு இங்கே 1892 முதல் வரலாறு உண்டு. அதன் பெரும்பகுதியில் பயணம் போனவர் ஒருவர், பயன்பெற வேண்டியவர் வேறொருவர். முதலில் அரசு அலுவலர் போய்வந்தார். பிறகு அயல்நாட்டுப் பொறியாளர் இங்கே வந்தார். கடலில் வலை போடுகிறவர் தாமே எல்லை கடந்து போய் அடுத்த கரையிலுள்ள மீனவரிடம் பேசுவதற்கு ஏறக்குறைய நூறாண்டு பிடித்தது.

இந்த வரலாற்றைப் பார்க்கச் சாந்தோம் வசதியான இடம். பேராலயத்துக்குக் கிழக்கே சில நிமிட நடையில் கடல். வடக்கே நொச்சிக்குப்பமும் நடுக்குப்பமும் அயோத்தியாகுப்பமும். தெற்கே பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம், அடையாற்று முகத்துவாரம் தாண்டினால் ஊரூர் ஆல்காட் குப்பம். மேற்கே மயிலாப்பூரில் 1872-இல் தொடங்கிய இந்து பெர்மனென்ட் ஃபண்டு. சற்றுத் தள்ளி அபிராமபுரத்தில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்கக்கடல் மீன்வளத் திட்ட அலுவலகம் இருந்தது. தேனாம்பேட்டையில் மாநில மீன்வளத் துறை அலுவலகம் இருந்தது. கடன், கூட்டுறவு, படகு, வலை என்று அயல்நாட்டிலிருந்து வந்த பாடங்கள் எல்லாம் இந்தச் சிறு வட்டத்துக்குள் ஏதோ ஒரு வகையில் தடம் பதித்திருக்கின்றன.

முதல் பயணத்துக்குக் காரணம் கடல் அல்ல, கடன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பிடித்த பஞ்சம் உழவரின் நிலையை அம்பலப்படுத்தியது. விதைக்கும் மாட்டுக்கும் வரிக்கும் கல்யாணத்துக்கும் கடன். விளைந்ததும் களத்துமேட்டிலேயே கடன்காரர் அளந்துகொண்டு போவார். தக்காணத்தில் 1875-இலேயே உழவர்கள் வட்டிக்கடைக்காரர் வீடுகளில் புகுந்து கடன் பத்திரங்களைக் கொளுத்தியிருந்தார்கள். நிலத்தின் பேரில் குறைந்த வட்டிக்குக் கடன் தரும் வங்கி ஒன்று ஏற்படுத்தலாமா என்ற பேச்சு அரசு வட்டாரத்தில் அடிக்கடி எழுந்தது. ஐரோப்பாவில் அப்படி வங்கிகள் இருப்பது தெரியும். அவை எப்படி நடக்கின்றன என்பதை அறிந்தவர் இங்கே குறைவு. அதைப் படித்து வந்து அறிக்கை தரும்படி 1892-இல் சென்னை அரசு ஃபிரெடரிக் அகஸ்டஸ் நிக்கல்சனைச் சிறப்புப் பணியில் அமர்த்தியது.

1846-இல் பிறந்த நிக்கல்சன் மாகாணத்து ஊர்களை நன்றாகச் சுற்றிப் பழகிய ஐ.சி.எஸ். அலுவலர். கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவர். கிணற்றுப் பாசனம், மாட்டு இனம், நிலவரி எல்லாவற்றையும் நுணுக்கமாகப் பார்த்தவர் என்பது அந்தக் கையேட்டிலேயே தெரியும். ஐரோப்பாவில் அவர் ஆராய்ந்தவற்றில் பெரிய நில அடமான வங்கிகளும் உண்டு, ஊருக்குள் குடும்பங்கள் கூடி நடத்தும் கடன் சங்கங்களும் உண்டு. ஜெர்மனியில் இரண்டு வழிகள் நிலைபெற்றிருந்தன. ஷூல்ட்ஸே-டெலிட்ஷ் காட்டிய வழி நகரத்துக் கைவினைஞர்க்கும் சிறு வணிகர்க்கும் உரியது. பங்கு வாங்கிச் சேர வேண்டும், லாபத்தில் பங்கு கிடைக்கும். ரைன் நாட்டு ஊராட்சித் தலைவராக இருந்த ரைஃபைசன் காட்டிய வழி உழவர்க்கு உரியது. அவருடைய ஹெடஸ்டார்ஃப் கடன் சங்கம் 1864-இல் அமைந்தது. இத்தாலியில் லுஸாட்டி நகரத்துக்கும் வொல்லம்போர்க் கிராமத்துக்கும் அதே வழிகளைத் தங்கள் நாட்டுக்கேற்ப மாற்றியிருந்தார்கள்.

நிக்கல்சனின் மனம் ரைஃபைசன் சங்கத்தில்தான் நின்றது. அதன் விதிகள் எளியவை. ஒரு சங்கம் ஓர் ஊரோடு நிற்கும். உறுப்பினர் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவராக இருப்பார்கள். ஒருவர் வாங்கிய கடனைக் கட்டத் தவறினால் மற்ற எல்லோரும் தங்கள் சொத்து முழுவதையும் கொண்டு பொறுப்பு. அதனால் கடன் கேட்கிறவர் எதற்குக் கேட்கிறார், சொன்ன காரியத்துக்கே செலவழித்தாரா என்று ஊரே கண் வைத்திருக்கும். நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. லாபம் பிரிக்கப்படாமல் சேமநிதியில் சேரும். கடன் எளிதாகக் கிடைப்பது உழவனுக்கு நன்மை என்ற எண்ணமே நிக்கல்சனிடம் இல்லை. சிக்கனமும் முன்யோசனையும் பழகாதவனுக்கு மலிவான கடன் கழுத்தில் சுருக்கு என்பது அவர் கருத்து. சங்கத்தை அவர் பணம் தரும் இடமாகக் காட்டிலும் பழக்கம் தரும் இடமாகவே கண்டார்.

அறிக்கையின் முதல் தொகுதி 1895-இலும் இரண்டாம் தொகுதி 1897-இலும் வந்தன. ரைஃபைசன் போன்ற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள் என்பதே அதன் சாரம் என்று பிற்காலத்தில் சொல்வார்கள். அயல்நாட்டுச் செய்திகளோடு உள்ளூர்ச் செய்திகளையும் நிக்கல்சன் ஒதுக்காமல் எழுதியிருப்பதே அந்த அறிக்கையின் பலம். மாகாணத்தில் பரவியிருந்த நிதிகளையும் சீட்டுகளையும் அவர் கூர்ந்து பார்த்தார். மாதாமாதம் சிறு தொகை கட்டிச் சேர்ப்பது, நகையின் பேரிலும் வீட்டின் பேரிலும் கடன் பெறுவது என்பதெல்லாம் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக் குமாஸ்தா குடும்பங்களுக்கு அன்றே கைவந்த வித்தை. சேமிக்கும் குணம் இந்நாட்டாருக்கு இல்லை என்று சொல்லிவந்தவர்களுக்கு நிதிகளே பதிலாக இருந்தன. ஆனால் மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும் தவணை, ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ பணம் பார்க்கும் உழவனுக்குப் பொருந்தாது. ஆகவே நிதியை அப்படியே கிராமத்துக்குக் கொண்டுபோக முடியாது என்பதையும் அவர் கண்டிருந்தார்.

சாந்தோமில் அந்த ஆண்டுகளில் வேறொரு பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. இன்றைய கோத்திக் பாணிப் பேராலயம் 1893-இல் தொடங்கி 1896-இல் கட்டி முடிந்தது. கட்டடம் எழுந்த வேகத்தில் அறிக்கை நகரவில்லை. சென்னை அரசு அதைப் பெற்றுக்கொண்டு பெரிய ஆர்வம் எதுவும் காட்டாமல் இருந்துவிட்டது. வட இந்தியாவில் சில அலுவலர்கள் அதைப் படித்துத் தங்கள் மாவட்டங்களில் சங்கங்கள் தொடங்கிப் பார்த்தார்கள். 1901-ஆம் ஆண்டின் பஞ்ச விசாரணைக் குழுவில் நிக்கல்சனும் ஓர் உறுப்பினர். கடன் சங்கங்கள் வேண்டும் என்று அந்தக் குழுவும் சொன்னது. அதே ஆண்டு எட்வர்டு லா தலைமையில் அமைந்த குழு சட்ட வரைவைத் தயாரித்தது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். கிராமச் சங்கத்தில் ஐந்தில் நான்கு பங்கினர் உழவராக இருக்க வேண்டும். அவர்களுக்கு வரம்பற்ற பொறுப்பு. ரைன் கரையின் விதிகள் சில சொல் மாற்றங்களோடு இந்தியச் சட்டமாயின.

1904 ஆகஸ்ட் 30-இல், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில், மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் பதிவானது. அதே ஆண்டில் காஞ்சிபுரத்தில் நகர வங்கியும் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுப் பண்டகசாலையும் ஏற்பட்டன. பண்டகசாலையின் முன்மாதிரி ஜெர்மனி அல்ல, இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர் கடை. சங்கங்களுக்குப் பணம் தர 1905-இல் சென்னையில் மத்திய நகர வங்கி அமைந்தது. இன்றைய மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியின் தொடக்கம் அதுதான்.

பயணம் பலன் தந்தது என்று இங்கே நிறுத்திவிடுவது எளிது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1951-52-இல் நடந்த அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு, ஊரகக் கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3.1 விழுக்காடுதான் என்று கண்டது. ஏறக்குறைய 70 விழுக்காடு வட்டிக்கு விடுபவரிடமிருந்தே வந்தது. அரை நூற்றாண்டுக்கு இது மோசமான விளைச்சல். காரணங்களில் ஒன்று ரைஃபைசன் விதியிலேயே இருந்தது. ஊர் என்பது ஒருவரை ஒருவர் அறிந்த, ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்கக்கூடிய ஒரே கூட்டம் என்று அந்த விதி கொண்டது. தமிழ்நாட்டில் ஊர் வேறு, சேரி வேறு, குப்பம் வேறு. மேலத்தெருக்காரர் கடனுக்குக் கீழத்தெருக்காரரும், இவருக்கு அவரும் முழுச் சொத்தோடு பிணை நிற்பது என்பது காகிதத்தில் மட்டுமே நடந்தது. யாரிடம் நிலம் இருந்ததோ அவர் கையில் சங்கம் போய்ச் சேர்ந்தது.

கடலில் கதை வேறு. மீன்பிடிப்பை அரசு கவனித்ததற்கே உப்புதான் காரணம். உப்புவரி ஏறியதால் கருவாடு போடுகிறவருக்கு உப்பு கட்டுப்படியாகவில்லை. உவர்மண்ணைப் போட்டுக் காயவைத்த மீன் கெட்டுப்போனது. இந்திய, பர்மியக் கடல் மீன்பிடிப்பைப் பற்றி 1873-இல் ஃபிரான்சிஸ் டே தந்த அறிக்கை இதைச் சுட்டிக்காட்டியது. அதன் பிறகு மாகாணக் கரையில் மீன் பதனிடும் கொட்டில்கள் ஏற்பட்டன. வேலிக்குள்ளே பதனிட்டால் வரியில்லாத உப்பு கிடைக்கும். வேலியைத் தாண்டினால் குற்றம். மீனவரை அரசு முதலில் பார்த்தது உப்புத் துறையின் கண்ணால்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நிக்கல்சன் 1905-இல் மீன்வள ஆராய்ச்சியை ஏற்றுக்கொண்டார். 1907-இல் சென்னை மாகாணத்துக்கு மீன்வளப் பணியகம் அமைந்தது. இந்தப் பணிக்காக அவர் மீண்டும் கடல் தாண்டினார். ஐரோப்பாவின் பெரிய துறைமுகங்களில் நீராவி இழுவைக் கப்பல்கள் நின்றன. அவை அவரை மயக்கவில்லை. அவர் கண்ணில் பட்டது ஜப்பான். ஜப்பானிய மீன்பிடிப்பைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு 1907-இல் சென்னையில் அச்சானது. ஜப்பானில் மீனவர் சிறு படகுக்காரர். கரையோரச் சிற்றூர்களில் வாழ்கிறவர். 1889-இலேயே அங்கே மீன்வளப் பயிற்சிக்கூடம் ஏற்பட்டிருந்தது. மாவட்டந்தோறும் சோதனை நிலையங்கள் இருந்தன. 1901-ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டம் ஊர் மீனவர் சங்கங்களுக்குத் தங்கள் கரையோரக் கடலில் மீன்பிடிக்கும் உரிமையை அளித்திருந்தது. பழைய கட்டுப்பாட்டைக் கலைக்காமல் அதற்குச் சட்ட வலு கொடுத்ததுதான் அங்கே நடந்த காரியம்.

இதிலிருந்து நிக்கல்சன் எடுத்துக்கொண்ட பாடம் நிதானமானது. இருக்கிற படகையும் வலையையும் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். பிடித்த மீனைக் கெடாமல் காப்பது முதல் வேலை. பெரிய கப்பல் கடைசி வேலை. மலபார்க் கரையில் இதைச் செய்தும் காட்டினார். மத்தி மீன் கொத்துக்கொத்தாகப் பட்டால் விற்றதுபோக மீதி மணலில் அழுகித் தென்னைக்கு உரமாகும். அதை அண்டாவில் வேகவைத்து, அழுத்தி எண்ணெயைப் பிழிந்து, சக்கையை உலர்த்தி எருவாக்கும் முறையைத் தானூரில் சோதித்துக் கற்றுக்கொடுத்தார்கள். கருவி எளிது, முதல் குறைவு. சில ஆண்டுகளில் மேற்குக் கரையில் அத்தகைய சிறு ஆலைகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. மீன் எண்ணெயும் மீன் எருவும் கப்பலேறின. பார்த்து வந்த பாடம் பார்க்காதவர் கைக்கும் போய்ச்சேர்ந்த அபூர்வமான இடம் இது.

சோழமண்டலக் கரையில் அத்தனை விரைவாக எதுவும் மாறவில்லை. மாறாததற்குக் கட்டுமரமே காரணம் என்று சொல்லலாம். லேசான மரங்களைச் செதுக்கி, பக்கத்தில் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டியது கட்டுமரம். அலை மேலே ஏறினாலும் இடுக்கு வழியே வடிந்துவிடும், மூழ்க இடமில்லை. கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போடுவார்கள். கரையிலேயே அலை உடையும் சென்னைக் கடலுக்கு அதைவிடப் பொருத்தமான கலம் அன்று உலகத்தில் எங்கும் இல்லை. நிக்கல்சனுக்குப் பின் 1918-இல் இயக்குநரான ஜேம்ஸ் ஹார்னல் இந்தக் கரைகளின் கலங்களை ஆழமாக ஆராய்ந்து எழுதினார். கச்சான், கொண்டல், வாடை என்று காற்றையும், வண்ணி, தெண்டி என்று நீரோட்டத்தையும் பிரித்தறிந்து வலை இறக்கும் குப்பத்து அறிவு அந்த நாளைய அரசு அறிக்கைகளில் முழுமையாக ஏறவில்லை.

நிக்கல்சன் கடைசியில் வைத்த பெரிய கப்பலைப் பிறகு வந்தவர்கள் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். 1920-களின் இறுதியில் லேடி கோஷன் என்ற இழுவைக் கப்பலை வைத்து மாகாண அரசு கடலடி மீன்வளத்தை ஆய்ந்தது. விடுதலைக்குப் பிறகு பாடம் எதிர்த்திசையில் பயணம் செய்தது: பார்க்கப் போவதற்குப் பதிலாகக் கற்றுக்கொடுக்க வந்தார்கள். ஐ.நா., இந்தியா, நார்வே மூன்றும் 1952-இல் ஒப்பந்தம் செய்து, 1953-இல் கொல்லத்துக்குப் பக்கத்திலுள்ள நீண்டகரையில் இந்தோ-நார்வீஜியத் திட்டத்தைத் தொடங்கின. மீனவக் குடும்பங்களின் நலவாழ்வு, குடிநீர், படகுக்கு எஞ்சின் எல்லாம் சேர்ந்த திட்டம் அது. உறைய வைத்த இறாலுக்கு வெளிநாட்டில் விலை கிடைப்பது தெரிந்ததும் மற்றதெல்லாம் பின்னுக்குப் போயிற்று. கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவை மடி முன்னுக்கு வந்தது. 1960-களில் திட்டம் பாக் நீரிணைக் கரையில் மண்டபத்துக்கும் விரிந்தது. அரசு மானியத்தில் விசைப்படகுகள் கட்டிக்கொடுக்கப்பட்டன. வாங்கியவரில் பலர் கடலுக்குப் போகாதவர். முதல் போடத் தெரிந்தவர்.

சென்னையில் விசைப்படகுகளின் இடம் காசிமேடு. சாந்தோம் பக்கத்துக் குப்பங்கள் கட்டுமரத்தோடேயே நின்றன. இரவில் விரித்துவைத்த வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போனால், காலையில் மிதக்கும் கயிறும் கிழிந்த நைலானும்தான் மிச்சம். வலைக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கும். 1970-களின் இறுதியில் சென்னைக் கரையில் கட்டுமரத்தாருக்கும் விசைப்படகுக்காரருக்கும் மோதல் முற்றிப் படகுகள் எரிந்தன. 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவை கூடாது என்றது. கடலில் கோடு போட்டவர்கள் அதைக் காவல் காக்கப் போதுமான படகு வைத்துக்கொள்ளவில்லை.

இந்தச் சூழலில்தான் 1979-இல் வங்கக்கடல் மீன்வளத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. உணவு வேளாண்மை அமைப்பு நடத்த, ஸ்வீடன் பணம் கொடுத்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மலேசியா, தாய்லாந்து ஐந்தும் முதலில் சேர்ந்தன; இந்தோனேசியாவும் மாலத்தீவும் பின்னால் வந்தன. அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் சாலையில் அலுவலகம். சிறுதொழில் மீனவர்க்கே இது என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட திட்டம். ஒரு நாட்டில் சரிப்பட்டதை மற்ற நாட்டார் பார்க்க வருவதும், பட்டறைகளுக்குக் கூடுவதும், வந்தவை போனவை பற்றிப் பத்திரிகையில் எழுதுவதும் இருபது ஆண்டு நடந்தன. சிதம்பரத்துக்கு அருகே கிள்ளையில் உப்பங்கழி இறால் வளர்ப்பு, மீனவப் பெண்களுக்குக் கடன், முறைசாராக் கல்வி எல்லாம் சோதிக்கப்பட்டன.

சென்னைக் கரைக்கு அவர்கள் எடுத்த முயற்சிகளில் சுவையானது கரையேறும் படகு. கட்டுமரத்தின் இடத்தில் எஞ்சின் வைத்த படகு வேண்டும். ஆனால் அலையில் அடித்துக்கொண்டு மணலில் ஏறும்போது அடியில் துருத்தும் விசிறி உடைந்துவிடும். அதற்கு ஒரு வழி கண்டார்கள். டீசல் எஞ்சினைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்து, பெட்டியோடு சேர்த்துச் சாய்க்கும்படி பொருத்தினார்கள். கரை நெருங்கியதும் பெட்டியைச் சாய்த்தால் விசிறி மேலே எழும்பிவிடும். வேலை செய்தது, விலைதான் ஒத்துவரவில்லை. குப்பத்தார் காத்திருந்து, கைக்கு அடக்கமான ஃபைபர் படகையும் கழற்றித் தோளில் தூக்கிப்போகும் எஞ்சினையும் எடுத்துக்கொண்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகள் கட்டுமரத்தை ஓரங்கட்டின.

அரசு அலுவலர் இல்லாமல் மீனவரே கூடிய முதல் பெரிய சந்தர்ப்பம் 1984 ஜூலையில் ரோமில் அமைந்தது. அங்கே உணவு வேளாண்மை அமைப்பு அரசுகளுக்கு மீன்வள மாநாடு நடத்தியது. அழைப்பில்லாத மீன்தொழிலாளரும் அவர்களை ஆதரித்தவர்களும் அதே நகரத்தில் தனியாக மாநாடு கூட்டினார்கள். பல கண்டங்களிலிருந்து வந்த சிறு படகுக்காரர் எல்லோரும் ஒரே வழக்கைத்தான் சொன்னார்கள்: இழுவைப் படகு. 1986-இல் திருவனந்தபுரத்தில் மீன்தொழிலாளர்க்கு ஆதரவான பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவாயிற்று; அதன் அலுவலகம் சென்னையில் அமைந்தது. சுனாமி தாக்கிய நாடுகளின் மீட்பு வேலைகளை ஒப்பிட்டுப் பார்க்க 2006 ஜனவரியில் அது சென்னையில் பட்டறை நடத்தியது.

எல்லை தாண்டிய பயணங்களில் மிகவும் கனமானது மிகவும் குறுகிய தூரத்துக்குப் போனது. பாக் நீரிணையின் இரு கரையிலும் தமிழ் மீனவர். 1974, 1976 ஒப்பந்தங்கள் நடுவே எல்லைக்கோடு போட்டன. ராமேசுவரம் பக்கத்தில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி; நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்று உள்ளூரில் ஏற்பாடு உண்டு. 1983-க்குப் பின் உள்நாட்டுப் போரால் இலங்கை வடக்கு மீனவர் கடலுக்கு இறங்க முடியாமல் போனது. ஆளில்லாத அந்தக் கடலுக்குள் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் பழகிவிட்டன. மண்டபத்தில் நார்வேக்காரர் ஊன்றிய பாடம் தன் கரை மீனை வாரி முடித்து அடுத்த கரைக்குப் போனது என்றும் இதைச் சொல்லலாம். அங்கே இலங்கைக் கடற்படையின் துப்பாக்கியும் சிறையும் காத்திருந்தன. 2002 போர்நிறுத்தத்தில் வடக்கு மீனவர் மறுபடி வலை போட்டபோது, அந்த வலைகளை அறுத்தவை இந்தப் படகுகள்.

சிறைப்பட்ட மீனவரை மீட்பதற்காகத் தமிழ்நாட்டில் இயங்கிய கூட்டமைப்பு ஒன்று 2004 மே மாதத்தில் மீனவர் தலைவர்கள் அடங்கிய நல்லெண்ணக் குழுவை இலங்கைக்கு அழைத்துப் போனது. அதுவரை இங்கே மேடைகளில் பேசப்பட்டது கடற்படையைப் பற்றி மட்டும்தான். மன்னார், யாழ்ப்பாணத் தரப்பு மீனவர் எதிரே உட்கார்ந்ததும் பேச்சு மாறியது. எங்கள் வலையை அறுக்கிறது உங்கள் படகு என்று தமிழிலேயே, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், சொன்னார்கள். மறுக்க வழியில்லை. இழுவை மடி நிற்க வேண்டும் என்பதை வந்தவர்கள் கொள்கையளவில் ஒப்புக்கொண்டார்கள். அதுவரை கரையிலிருந்து தள்ளி நிற்பது என்றும் பேசினார்கள். நொச்சிக்குப்பத்தார் காசிமேட்டார்மேல் சொன்ன அதே புகார்தான் அங்கே நாட்டெல்லை தாண்டிய புகாராக இருந்தது.

மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்தவர்கள் ஒரே வகையினர் அல்லர் என்பது கவனிக்க வேண்டியது. வடக்கிலங்கையில் மீனவர் சார்பாகப் பேசியவர்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் சமாசங்கள், அதாவது கூட்டமைப்புகள். இலங்கையில் 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது கூட்டுறவு. அதன் வேரும் ரைஃபைசனில்தான் இருந்தது. தமிழ்நாட்டுத் தரப்பில் கை ஓங்கியிருந்தவை விசைப்படகு உரிமையாளர் சங்கங்கள். இங்கே மீனவர் கூட்டுறவுச் சங்கம் பெரும்பாலும் நிவாரணத் தொகை வாங்கும் இடமாகவே நின்றுவிட்டது. குப்பத்தின் உண்மையான அதிகாரம் நாட்டாரிடமும் பஞ்சாயத்தாரிடமும் இருந்தது, படகின் அதிகாரம் உரிமையாளரிடம் இருந்தது. ஆகவே ஒரு பக்கம் ஊர் பேசியது, மறுபக்கம் முதல் பேசியது. ஒப்பந்தம் எழுதுவது கடினமானதற்கு இதுவும் காரணம்.

போர் முடிந்தபின் 2010 ஆகஸ்டில் இலங்கை மீனவர் குழு தமிழ்நாட்டுக்கு வந்தது. ஓராண்டுக்குள் இழுவையை நிறுத்துவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாள் மட்டும் போவது என்று ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. 2011 மார்ச்சில் தமிழ்நாட்டுக் குழு பதில் பயணம் போனது. உடன்பாட்டை இரு நாட்டு அரசுகளும் ஏற்றுக் கையெழுத்திடவில்லை. அது பேச்சாகவே இருந்தது. பிறகு பேச்சு அரசு மேற்பார்வைக்கு மாறியது. 2014 ஜனவரியில் சென்னையில் ஒன்று, மே மாதம் கொழும்பில் ஒன்று, 2015 மார்ச்சில் மறுபடி சென்னையில் ஒன்று. கடைசிக் கூட்டத்தில் தமிழ்நாட்டுத் தரப்பு மூன்றாண்டுக்கு ஆண்டுதோறும் 83 நாள் கேட்டது. 2010-இல் ஓராண்டு என்று பேசியது 2015-இல் மூன்றாண்டாக வளர்ந்திருந்தது. வடக்கு மீனவர் ஒப்பவில்லை.

2016 நவம்பரில் டெல்லியில் நடந்த சந்திப்பைத் தொடர்ந்து இரு நாட்டு அதிகாரிகளின் கூட்டுப் பணிக்குழு ஏற்பட்டது. நாற்காலி மறுபடி அலுவலரிடம் போனது. 2017-இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியைச் சட்டப்படி தடைசெய்தது. அதே ஆண்டு பாக் நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்ற ரூ. 1,600 கோடியில் இந்தியாவில் திட்டம் அறிவிக்கப்பட்டது. மாறிய படகுகள் சொற்பம். கைதும் படகுப் பறிமுதலும் தொடர்ந்தன. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு மீனவர் குழு ஒன்று மீண்டும் இலங்கைக்குப் போய் வவுனியாவில் வடக்கு மீனவர்களைச் சந்தித்தது. இழுவை எப்போது நிற்கும் என்பதே அங்கேயும் முதல் கேள்வி.